அளவுகோல் யாருக்கு? சென்னை மேற்குப் புறநகரில் எல்லை தாண்டிய பள்ளிச் சேர்க்கை: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

ஒரு குழந்தை தன் வீடு இருக்கும் பகுதிக்கு வெளியே உள்ள பள்ளியில் சேர முடியுமா? முடியுமென்றால் எந்தப் பள்ளியில், எந்த விதிப்படி, யாருடைய செலவில்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று பகுதிகளையும் களமாகக் கொண்டு இந்தக் கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கையே இதன் மையம். சட்டம், விதி, தீர்ப்பு, நிலத்தின் அமைப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இதன் முறை.

கருதுகோள் இது. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தைச் சட்டம் முதலில் அரசின் கடமையை அளப்பதற்காகவே வகுத்தது. இத்தனை கிலோமீட்டருக்குள் பள்ளி இருந்தாக வேண்டும் என்பது அரசுக்கு இடப்பட்ட கட்டளை. நடைமுறையில் அதே அளவுகோல் திரும்பி, குழந்தையின் தகுதியை அளக்கத் தொடங்கிவிட்டது. இந்தத் திருப்பத்தைச் சரிசெய்யாமல் சேர்க்கைக் கொள்கையில் செய்யப்படும் எந்தச் சீர்திருத்தமும் பாதிச் சீர்திருத்தமே.

2. சட்டம் சொல்வது

2.1 அருகமைப் பள்ளி என்னும் கருத்து

பள்ளி குழந்தையைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954–63 காலத்தில் தொடக்கப் பள்ளிகள் பரவலாகத் திறக்கப்பட்டதற்கு, குழந்தையின் நடைதூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்ற கொள்கையே அடிப்படை. 1964–66இல் கோத்தாரி கல்விக் குழு இதை இன்னொரு கோணத்தில் முன்வைத்தது. ஒரு வட்டாரத்தில் வாழும் எல்லாக் குழந்தைகளும், சாதி, வகுப்பு, வருமானம் பாராமல், அந்த வட்டாரத்தின் பொதுப்பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்றது அக்குழு. இரண்டிலும் அருகமை என்பது உள்ளே சேர்ப்பதற்கான கருத்து. வெளியே நிறுத்துவது அதன் நோக்கமன்று.

2.2 கல்வி உரிமைச் சட்டம், 2009

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைத் தொடர்ந்து வந்த குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எல்லை தாண்டிய சேர்க்கைக்கு இதன் சில பிரிவுகள் நேரடியாகப் பொருந்துகின்றன.

பிரிவு 3: ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. பிரிவு 6: அருகமையில் பள்ளி இல்லாத இடத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் அதை நிறுவுவது அரசின், உள்ளாட்சியின் பொறுப்பு. தொடக்க வகுப்புக்கு 1 கி.மீ., ஆறு முதல் எட்டு வரை 3 கி.மீ. என்ற தூரக் கணக்கு இந்தப் பொறுப்பை நிறைவேற்றவே விதிகளில் இடம்பெற்றது.

பிரிவு 5: எந்தக் காரணத்துக்காகவும் ஒரு குழந்தை வேறு பள்ளிக்கு மாற நேர்ந்தால், மாநிலத்துக்குள்ளும் வெளியிலும், அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றம் கோரும் உரிமை அதற்கு உண்டு. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமானது என்பதைச் சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.

பிரிவு 9: இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிரிவு 15: கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது. பிரிவு 13: சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கோ நேர்காணலுக்கோ உட்படுத்தினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம்.

பிரிவு 12(1)(சி): அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு நிலை வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை, அருகமையில் வாழும் நலிவடைந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும்.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. அரசுப் பள்ளியின் கதவு எந்த ஊர்க் குழந்தைக்கும் திறந்தது. ‘அருகமை’ அங்கே உத்தரவாதம். தனியார் பள்ளியின் 25 சதவீத இடத்தில் அதே ‘அருகமை’ நிபந்தனையாகிறது. அரசின் கடமையைக் குறிக்க வந்த தூரம் விண்ணப்பதாரரைக் கழிக்கும் சல்லடையானது இந்த இடத்தில்தான்.

3. எல்லைகளால் ஆன நிலம்

3.1 நிர்வாக எல்லைகள்

மேற்குப் புறநகரில் நிர்வாக எல்லைகள் இருபது ஆண்டுகளுக்குள் பலமுறை மாறியுள்ளன. திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சியாக இருந்த அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் 7ஆவது மண்டலமானது. ஆனால் வருவாய் நிர்வாகத்தில் அம்பத்தூர் வட்டம் 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்கு மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அம்பத்தூர்க் குடும்பம் ஒன்று குப்பைக்கும் குடிநீருக்கும் சென்னையையும், சான்றிதழுக்குத் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தையும் நாடியது. இணைந்த பகுதிகளில் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருந்த 139 பள்ளிகள் சென்னை மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தது இதற்கும் பின்னர்தான். ஆவடி 2019இல் மாநகராட்சியானது, மாவட்டம் திருவள்ளூரே. பூந்தமல்லி நகராட்சி, அதுவும் திருவள்ளூரே. அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளால் நகரமாகவே வளர்ந்த பிறகும் நெடுங்காலம் ஊராட்சியாகவே இருந்தது.

அயப்பாக்கத்திலிருந்து அம்பத்தூருக்கு நடந்து வரும் மாணவி இரண்டு உள்ளாட்சிகளையும் இரண்டு மாவட்டங்களையும் கடக்கிறாள். அந்த எல்லைக்கோடு அவள் கண்ணில் படுவதில்லை. ஆனால் அவள் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும், அவளுக்காக எந்த அலுவலர் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது. தன் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிரிவு 9 ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் தந்திருக்கிறது. எல்லையோரக் குழந்தை இரு பதிவேட்டிலும் இல்லாமல் போகும் ஆபத்து இதில் உள்ளடங்கியே இருக்கிறது.

3.2 இயற்கையும் தொழிலும் வகுத்த எல்லைகள்

25 சதவீத ஒதுக்கீட்டுக்கான இணைய விண்ணப்பத்தில், வீட்டின் இருப்பிடத்தை மையமாகக் கொண்டு 1 கி.மீ. ஆரத்துக்குள் உள்ள பள்ளிகளே தேர்வுக்கு வருகின்றன. வரைபடத்தில் அது ஏறத்தாழ 3.14 சதுர கி.மீ. பரப்புள்ள வட்டம். மூன்று ஊர்களிலும் அந்த வட்டத்துக்குள் இருப்பவை வேறுவேறு.

அம்பத்தூரில் வட்டத்தின் பெரும்பகுதியைத் தொழிற்பேட்டை அடைத்துக்கொள்ளும். பட்டரைவாக்கம் போன்ற இடங்களில், பேட்டையை ஒட்டிய வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளியின் வட்டத்துக்குள் பட்டறைகளும் கிடங்குகளும் இருக்கும். பள்ளிகள் குறைவாகவே இருக்கும். சென்னை–அரக்கோணம் ரயில் பாதை ஊரை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிளக்கிறது. நேர்கோட்டில் 800 மீட்டரில் உள்ள பள்ளிக்குச் செல்ல, கடக்கும் இடத்தைத் தேடி வெகுதூரம் சுற்ற வேண்டியிருக்கும். மறுபுறம், நேர்கோட்டில் 1,100 மீட்டரில் இருந்தாலும் ஒரே தெருவில் நேராக நடந்து சேரக்கூடிய பள்ளி வட்டத்துக்கு வெளியே நின்றுவிடும். கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் வட்டத்துக்குள் விழுந்தால் அவற்றின் நீர்ப்பரப்பும் ‘அருகமை’யில் சேர்ந்துவிடுகிறது.

ஆவடியில் வட்டத்தைத் தின்பது பாதுகாப்புத் துறை நிலம். கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் காவல் படை வளாகம் ஆகியவற்றின் மதிலோரம் வாழும் குடும்பத்துக்கு வட்டத்தின் ஒரு பக்கம் முழுக்க நுழைய முடியாத நிலமாகிவிடும்.

பூந்தமல்லிக்கு மேற்கே நிலைமை வேறு. வயல்களும் ஏரிப் பாசன நிலங்களும் மனைகளாகி, வீடுகள் முதலில் வந்துவிட்டன. பள்ளிகள் நெடுஞ்சாலையை ஒட்டியே எழுந்தன. நேமம், திருமழிசைப் பக்கத்துப் புதிய மனைப்பிரிவுகளின் உட்பகுதியில் வாடகைக்குக் குடியேறிய குடும்பத்துக்குச் சாலையோரப் பள்ளி 2 அல்லது 3 கி.மீ. தள்ளி நிற்கும்.

ஒரே விதி, ஒரே தூரம். ஆனால் தொழிற்பேட்டையிலும் படை வளாகத்தின் ஓரத்திலும் புதிய மனைப்பிரிவிலும் அது தரும் வாய்ப்பு சமமாக இல்லை. ஏழைக் குடும்பங்கள் எங்கே வாடகை குறைவோ அங்கே வாழ்கின்றன. வாடகை குறைந்த இடம் பெரும்பாலும் பள்ளிகள் நெருங்கி நிற்காத இடம். ஆகவே யாருக்காக ஒதுக்கீடு வந்ததோ அவர்களையே தூர விதி முதலில் விலக்குகிறது.

4. நான்கு வகைப் பள்ளிகள், நான்கு வகைக் கதவுகள்

4.1 அரசு, மாநகராட்சிப் பள்ளிகள்

சட்டப்படி இவை வெளிப்பகுதி மாணவருக்கு முற்றிலும் திறந்தவை. கதவின் அகலத்தைத் தீர்மானிப்பவை வகுப்பறைகளும் ஆசிரியர் எண்ணிக்கையுமே. சட்டத்தின் அட்டவணை தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், உயர்தொடக்க வகுப்புகளில் 35 பேருக்கு ஒருவர் என்கிறது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. ஆகஸ்டுக்குப் பின் வந்து சேரும் குழந்தைக்கு இடம் கிடைக்கும். அதற்கேற்ற ஆசிரியர் அந்த ஆண்டு கிடைக்கமாட்டார். தொழில் ஒப்பந்தம் முடிந்து குடும்பங்கள் ஆண்டு முழுதும் நகர்ந்துகொண்டேயிருக்கும் அம்பத்தூர் போன்ற ஊரில் இது பெரிய இடைவெளி.

அரசுப் பள்ளியை நோக்கிய ஈர்ப்பும் அண்மையில் கூடியிருக்கிறது. 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடும், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததை அடிப்படையாகக் கொண்டே தொடங்கியவை. ஆகவே ஆறாம் வகுப்பு ஒரு புதிய சந்திப்பாகிவிட்டது. தனியார் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் தெருமுனைப் பள்ளியோடு நிற்பதில்லை. நல்ல பெயருள்ள பள்ளி எங்கே என்று விசாரிக்கிறார்கள். சீருடை அணிந்த அரசுப் பள்ளி மாணவருக்குப் பேருந்தில் கட்டணமில்லை என்பதால், பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கோ ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கோ போய்ப் படிப்பது ஏழைக் குடும்பத்துக்கும் இயலக்கூடியதாகிறது.

4.2 அரசு உதவிபெறும் பள்ளிகள்

மாற்றம் கோரும் உரிமை இவற்றுக்கும் பொருந்தும். ஆனால் 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது. நீண்ட காலமாக இயங்கும் கிறித்தவப் பள்ளிகள் பல உள்ள சென்னைப் புறநகரில் இது வட்டத்துக்குள் இருக்கும் தெரிவுகளை மேலும் குறைத்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பிரமதி தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் எழுப்பி, கேள்வியைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறது.

4.3 தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்கள்

இந்த ஒதுக்கீடு செல்லும் என்று 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலான சேர்க்கை எல்.கே.ஜி.யில் நடக்கிறது. நலிவடைந்த பிரிவினருக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல்.

குலுக்கல் நியாயமான முறை. ஆனால் குலுக்கலுக்குள் நுழைய வசிப்பிடச் சான்று வேண்டும். இங்கே வாடகைதாரர் தடுமாறுகிறார். குடும்ப அட்டை சொந்த ஊரில். ஆதார் முந்தைய வாடகை வீட்டில். இப்போதைய வீட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் தர உரிமையாளர் தயங்குகிறார். ஆவணம் காட்டுவது குடும்பம் முன்பு இருந்த வீட்டை. குழந்தைக்குப் பள்ளி வேண்டியிருப்பது இப்போது இருக்கும் வீட்டின் அருகில். வாடகை வீடு மாறி, குழந்தை பழைய பள்ளியிலேயே தொடர்ந்தால் அதைக் குற்றமாகப் பார்க்கவும் கூடாது. சேர்ந்த நாளில் அருகமையில் இருந்த குழந்தையின் உரிமை எட்டாம் வகுப்பு வரை தொடர வேண்டும்.

எட்டாம் வகுப்போடு கட்டணச் சலுகை முடிகிறது. ஒன்பதில் முழுக் கட்டணம் கட்டுவதா, அரசுப் பள்ளிக்கு மாறுவதா என்ற கேள்வி அந்தக் குடும்பத்தின் முன் வந்து நிற்கிறது. சேர்க்கைக் கொள்கை எல்.கே.ஜி. வாசலைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஒன்பதாம் வகுப்பு வாசலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

காலமும் ஒரு தடையாகலாம். 2025–26 கல்வியாண்டில் ஒன்றிய, மாநில அரசுகளுக்கிடையிலான கல்வி நிதித் தகராறால் இந்த ஒதுக்கீட்டுச் சேர்க்கை வழக்கமான கோடைக் காலத்தில் தொடங்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்ற பின் அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூனிலேயே பிள்ளையை எங்காவது சேர்த்தாக வேண்டிய பெற்றோருக்கு அந்தத் தாமதம் தெரிவையே பறித்துவிட்டது.

4.4 கேந்திரிய வித்யாலயாக்கள்

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வளாகத்திலும் விமானப்படை நிலையத்திலும் கேந்திரிய வித்யாலயாக்கள் உண்டு. பணிமாற்றத்துக்கு உள்ளாகும் ஒன்றிய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. அதாவது வெளியூரிலிருந்து வருபவருக்காகவே அமைந்த பள்ளி. இவற்றின் 25 சதவீதக் கல்வி உரிமை இடங்களுக்குப் பெருநகரங்களிலும் நகர்ப்பகுதிகளிலும் 5 கி.மீ., பிற இடங்களில் 8 கி.மீ. என்பது அருகமையின் வரையறை. தூரத்துக்குப் பெற்றோரின் உறுதிமொழி ஏற்கப்படுகிறது.

ஆக, ஆவடியில் ஒரே வீட்டில் வாழும் ஒரே குழந்தைக்கு, ஒரே சட்டத்தின் கீழ், ஒரு பள்ளிக்கு அருகமை 1 கி.மீ.; மற்றொன்றுக்கு 5 கி.மீ. அருகமை என்பது மாற்ற முடியாத அளவன்று, கொள்கை வகுப்போர் தேர்ந்தெடுக்கும் அளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4.5 தெரிவை ஏற்கெனவே ஏற்ற சட்டம்

பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி விடுதியோடு இயங்குகிறது. பல மாவட்டப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 31இல், வரையறுத்த அளவு குறைபாடுடைய ஆறு முதல் பதினெட்டு வயதுக் குழந்தை அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. அருகமையும் தெரிவும் ஒன்றையொன்று விலக்காமல் ஒரே உரிமையின் இரு பகுதிகளாக நிற்க முடியும் என்பதை இந்தப் பிரிவு காட்டுகிறது.

5. நகரும் குழந்தை

எல்லை தாண்டும் மாணவர்களில் மிகவும் வலுவற்றவர் இடம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளை. அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கும், பூந்தமல்லியைச் சுற்றி எழும் கட்டுமானங்களுக்கும், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், வட தமிழக மாவட்டங்கள் எனப் பல இடங்களிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. இந்தக் குழந்தைக்கு வசிப்பிடச் சான்று, மாற்றுச் சான்றிதழ், வயதுச் சான்று மூன்றும் ஒருங்கே கிடைப்பது அரிது. சட்டமோ மூன்றில் எதையும் சேர்க்கையின் முன்நிபந்தனையாக்கவில்லை. பள்ளி வாசலில் அது நிபந்தனையாவது சட்டத்தாலன்று, அலுவலகப் பழக்கத்தால்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ‘எமிஸ்’ என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் முறையில் ஓர் எண் உண்டு. மாணவர் பள்ளி மாறும்போது பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும்; புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். காகிதச் சான்றிதழைப் பிடித்து வைப்பதைப் போலவே இந்த விடுவிப்பையும் பிடித்து வைக்க முடியும். கட்டண பாக்கி உள்ள தனியார் பள்ளிப் பெற்றோர் இந்த இரண்டுக்கும் இடையில் சிக்குகின்றனர். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, மாற்றுச் சான்றிதழ் கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியன்று, அது குழந்தையின் ஆவணம், அதில் பாக்கி பற்றிய குறிப்பு எதுவும் இடம்பெறக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. பாக்கியை வசூலிக்கச் சட்ட வழிகள் பள்ளிக்கு உண்டு. குழந்தையைப் பிணையாக வைப்பது அவற்றில் ஒன்றன்று.

6. ஒப்பீடு

6.1 பிற மாநிலங்கள்

தில்லியில் 25 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தூரம் படிநிலையாக உள்ளது: முதலில் 1 கி.மீ.க்குள் இருப்போர், இடம் மீந்தால் 3 கி.மீ., பிறகு 6 கி.மீ. அங்கே தூரம் வரிசையைத் தீர்மானிக்கிறது; வாசலை மூடுவதில்லை. ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பாதபோது அருகமை எல்லையை விரிக்கலாம் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டுதலும் இடமளித்தது.

கர்நாடகம் எதிர்த் திசையில் சென்றது. அருகமையில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் ஒதுக்கீடு இல்லை என்று 2018 டிசம்பரில் விதியை மாற்றியது; 2019 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. மராட்டியம் 2024 பிப்ரவரியில் அதே வழியில் நடக்க முயன்றபோது, பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் அந்த விதியை ரத்து செய்தது. ஒரே சட்டத்தின் ‘அருகமை’ தில்லியில் விரிகிறது, கர்நாடகத்தில் சுருங்குகிறது. தமிழ்நாடு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

6.2 பிற நாடுகள்

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் கிரீனிச் தீர்ப்பு நம் அயப்பாக்கம்–அம்பத்தூர் நிலைமைக்கு நெருக்கமானது. லண்டனின் கிரீனிச் உள்ளாட்சி மன்றம் தன் எல்லைக்குள் வாழும் பிள்ளைகளுக்கே முன்னுரிமை தர முயன்றது. எல்லைக்கு அப்பால், லூயிஷமில் இருந்த ஜான் பால் தொடக்கப் பள்ளியின் நிர்வாகிகள் வழக்குத் தொடுத்தனர். உள்ளாட்சி எல்லைக்கு வெளியே வசிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையைப் பின்தள்ள முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தூரத்தைக் கருதலாம், உள்ளாட்சி எல்லையைக் கருதக் கூடாது என்பதே அதன் சாரம். அங்கே ஒவ்வொரு பள்ளியும் முன்னுரிமை வரிசையை முன்கூட்டியே வெளியிட வேண்டும்; இடம் மறுக்கப்பட்டால் தனிக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். பிரைட்டன் நகரம் 2008 முதல், வீட்டின் விலையே பள்ளியைத் தீர்மானிப்பதைக் குறைக்க, பள்ளிக்குரிய பகுதிக்குள்ளும் குலுக்கலைக் கொண்டுவந்தது.

நியூசிலாந்தில் நெரிசலான பள்ளிக்கு ஒரு சேர்க்கைப் பகுதி வரையறுக்கப்படுகிறது. அந்தப் பகுதிக்குள் வாழும் குழந்தைக்கு உறுதியான உரிமை. மீந்த இடங்கள் வெளியிலிருப்போருக்குச் சட்டம் வகுத்த வரிசைப்படி, குலுக்கல் வழியே.

அமெரிக்காவில் மாநிலம் முழுவதற்குமான திறந்த சேர்க்கையை முதலில் கொண்டுவந்தது மின்னசோட்டா, 1980களின் இறுதியில். வேறு பள்ளி மாவட்டத்து மாணவரை மறுக்க இடமின்மை போன்ற குறுகிய காரணங்களே ஏற்கப்படும். முந்தைய மதிப்பெண்ணோ உடற்குறையோ ஆங்கிலத் திறனோ காரணமாகக் கூடாது. மாணவரோடு அரசு நிதியும் செல்கிறது. ஆனால் மாவட்ட எல்லை வரை பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது பெற்றோர் பொறுப்பு. எனவே வண்டி இல்லாத குடும்பத்துக்கு அந்த உரிமை தாளில் மட்டுமே முழுமையாகிறது. மாணவர் குறையும் மாவட்டம் நிதியையும் இழந்து மேலும் நலிகிறது.

7. எதிர்வாதங்கள்

முதலாவது: எல்லையைத் திறந்தால் உள்ளூர் அரசுப் பள்ளி காலியாகும். இந்த அச்சம் நியாயமானது. மின்னசோட்டாவின் நிதி முறை அதற்குச் சாட்சி. ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வெளியேறுவது 1 கி.மீ. விதியால் தடுக்கப்படவில்லை. கட்டணம் கட்ட முடிந்தவர் எந்தத் தூரத்துக்கும் பள்ளி வேனில் பிள்ளையை அனுப்புகிறார். தூர வேலி தடுப்பது கட்டணம் கட்ட முடியாதவரை மட்டும்தான். பள்ளி காலியாவதைத் தடுக்கும் வழி, சிறிய பள்ளிக்கும் ஆசிரியர் எண்ணிக்கையில் ஒரு கீழ்வரம்பை உறுதிசெய்வதே.

இரண்டாவது: நான்கு வயதுக் குழந்தை நெடுந்தூரம் பயணம் செய்யக் கூடாது. இது முழுமையாக ஏற்கத்தக்கது. இதனாலேயே தூரம் முன்னுரிமையின் முதல் படியாக நீடிக்க வேண்டும். ஆனால் 1 கி.மீ.க்குள் விண்ணப்பதாரர் இல்லாத இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, 1.5 கி.மீ.யில் இருக்கும் குழந்தையைத் திருப்பி அனுப்புவது குழந்தை நலம் ஆகாது.

மூன்றாவது: அரசு தனியார் பள்ளிக்குப் பணம் தருவதே தவறு; பொதுப்பள்ளியை வலுப்படுத்துவதே வழி. கோத்தாரி குழுவின் இலட்சியத்தை ஏற்பவர் இந்த வாதத்தின் வலிமையை மறுக்க முடியாது. இக்கட்டுரையும் அருகமைப் பொதுப்பள்ளியையே முதல் தீர்வாகக் கருதுகிறது. அந்தப் பள்ளி முழுமையாக எழும்வரை, இன்று ஐந்து வயதாகும் குழந்தையின் உரிமையைச் சட்டம் சொன்னபடி சமமாகப் பகிர வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கோரிக்கை.

8. பரிந்துரைகள்

(அ) 25 சதவீதச் சேர்க்கையில் 1 கி.மீ. முதல் படியாக இருக்கட்டும். இடம் மீந்தால் 3 கி.மீ., அடுத்து 5 கி.மீ. என்று அதே ஆண்டில், அதே இணைய முறையிலேயே எல்லை விரியட்டும்.

(ஆ) தூரத்தை நேர்கோட்டில் அளக்காமல், ரயில் பாதை, ஏரி, படை நிலம் ஆகியவற்றைத் தவிர்த்த நடைபாதை வழியே அளக்க வேண்டும். இதற்கான வரைபடத் தொழில்நுட்பம் இன்று கைப்பேசியிலேயே உள்ளது.

(இ) வசிப்பிடத்துக்கு எரிவாயு இணைப்பு ரசீது, வேலை தருபவரின் கடிதம், அங்கன்வாடிப் பதிவு போன்றவற்றில் ஏதேனும் ஒன்றும், அவை எதுவும் இல்லையெனில் பெற்றோரின் உறுதிமொழியும் ஏற்கப்பட வேண்டும். கேந்திரிய வித்யாலயா தூரத்துக்கு உறுதிமொழியை ஏற்கும்போது மாநில முறையும் ஏற்கலாம்.

(ஈ) குழந்தை புதிய பள்ளியில் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பழைய பள்ளி எமிஸ் பெயரை விடுவிக்காவிட்டால், வட்டாரக் கல்வி அலுவலர் மட்டத்தில் அது தானாகவே விடுபடும் வகையில் அமைக்க வேண்டும்.

(உ) ஆகஸ்ட் 1 கணக்கோடு ஜனவரியில் இரண்டாவது கணக்கும் எடுத்து, இடம்பெயர்வு மிகுந்த தொழிற்பகுதிப் பள்ளிகளுக்குத் தற்காலிக ஆசிரியரை அனுப்ப வேண்டும்.

(ஊ) சென்னை, ஆவடி மாநகராட்சிகளும் பூந்தமல்லி நகராட்சியும் அவற்றை ஒட்டிய ஊராட்சிகளும் எல்லையோரக் குழந்தைகளுக்கு ஒரே பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். சேர்க்கையை மறுக்கும் பள்ளி காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

(எ) சட்டத்தின் பிரிவு 32 குறைதீர்ப்புக்கு உள்ளாட்சிக்கு மூன்று மாதம் தருகிறது. மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. சேர்க்கைக் குறைகளுக்கு மட்டும் பதினைந்து நாள் வரம்பு வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு பருவமே போய்விடும்.

(ஏ) ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும், அதே பகுதியின் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு இடத்தை ஏப்ரலிலேயே உறுதிசெய்து கடிதம் தர வேண்டும்.

9. முடிவு

மேற்குப் புறநகரின் சேர்க்கை விதிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, சட்டம் பெரும்பாலும் குழந்தையின் பக்கமே நிற்கிறது. அரசுப் பள்ளி எந்த ஊர்ப் பிள்ளைக்கும் திறந்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமையைச் சட்டம் தடையாகக் கருதவில்லை. அடைப்பு ஏற்படும் இடங்கள் மூன்று: தூரத்தைத் தகுதியாக்கும் வட்டம், இருப்பிடத்தை நிரூபிக்கக் கேட்கும் காகிதம், மாணவர் நகர்வைப் பின்தொடராத ஆசிரியர் கணக்கு. மூன்றும் நிர்வாக ஆணைகளாலேயே திருத்தக்கூடியவை. நாடாளுமன்றத் திருத்தம் எதற்கும் தேவையில்லை.

1 கி.மீ. என்ற அளவுகோலை அதன் பழைய வேலைக்கே திருப்ப வேண்டும். பட்டரைவாக்கத்திலோ நேமத்திலோ ஒரு வீட்டிலிருந்து அளந்து, நல்ல பள்ளி எட்டவில்லை என்று தெரிந்தால், அது அந்த வீட்டுக் குழந்தையின் குறையாகப் பதிவாகக் கூடாது. அங்கே பள்ளி எழுப்பவோ, இருக்கும் பள்ளிக்குக் குழந்தையைக் கொண்டுசேர்க்கவோ அரசுக்கு உள்ள கடமையாகவே அது பதிவாக வேண்டும்.